நாலு வரிக்குள் அடங்காத வைத்தியர்

குப்பம்
11-6-2001

ரேணிகுண்டா அச்சகத்தில் ‘மாயக்கோட்டை’ கார்டுகளுக்குத் தமிழ் எழுதும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சம்பத். குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிப்ஸ் ஏஜென்சி வைத்திருக்கிறேன். உங்கள் அச்சகத்தில் அடித்து, சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போட்டு வரும் மாயக்கோட்டை கார்டுகளை இந்த ஊர்ப் பிள்ளைகள் சிப்ஸை விட அதிகமாக மதிக்கிறார்கள். சிப்ஸைக் காக்கைக்குப் போட்டுவிட்டுக் கார்டை ஜோபியில் வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. கார்டும் மூன்று மொழியில் வருகிறது. அதனால் யார் எழுதியதில் என்ன கோளாறு என்பது மற்ற ஊர்களுக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

முதல் கோளாறு. தோற்ற கார்டைத் ‘தூக்கி எறியவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் எறிகிறார்கள். என் கடைக் கூரைமேல் ஒரு படையே கிடக்கிறது.

இரண்டாவது. ‘களைத்த வீரனைப் படுக்க வைக்கவும்’. கார்டைக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது பொருளாம். எதிர்வீட்டுப் பிரியங்கா, ஐந்தாவது படிக்கிறாள், வீரனுக்குக் கர்சீப் போர்த்தித் தாலாட்டுப் பாடுகிறாள். பாட்டு முடியும்வரை எதிராளி காத்திருக்க வேண்டுமாம்.

மூன்றாவதுதான் பெரிய சங்கடம். இந்த ஆட்டத்தில் சண்டையில் தோற்ற கார்டு வெளியே போகும். எல்லாக் கார்டும் வெளியே போனவர் தோற்றவர். வைத்தியர் கார்டு வைத்திருப்பவர், வெளியே போன ஒன்றைத் திரும்ப எழுப்பலாம். தெலுங்கு கார்டிலும் கன்னட கார்டிலும் ‘ஒரு ஆட்டத்தில் ஒரு முறை மட்டும்’ என்று இருக்கிறது. தமிழ் வைத்தியருக்கு மட்டும் அந்த வரி இல்லை. அவர் எழுப்பிக்கொண்டே இருக்கிறார்.

தயவுசெய்து விளக்கம் தரவும்.

இப்படிக்கு,
சம்பத்


ரேணிகுண்டா
15-6-2001

சம்பத் அவர்களுக்கு,

நான் ஐயா இல்லை. தாட்சாயணி. வயது இருபது. திருப்பதியில் காலேஜை ஒரே வருஷத்தில் விட்டவள். இதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த கடிதத்தில் குத்திக் காட்டப் போகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிட்டேன். கடிதம் எழுதவும் எனக்குப் பிடிக்காது. போன் பண்ணலாம் என்றால் முதலாளி நாகபூஷணம் போனுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்.

தூக்கி எறியவும் என்றுதான் எழுதினேன். கூரைமேல் எறியவும் என்று எழுதவில்லை. கூரை உங்களுடையது, ஏணி உங்களுடையது, என்னை ஏன் கேட்கிறீர்கள்.

தாலாட்டுப் பாடும் பெண்ணைத் தடுக்காதீர்கள். இந்த ஆட்டத்தை வெளிநாட்டில் யோசித்த ஆளை விட அவளுக்கு மூளை இருக்கிறது.

வைத்தியர் விஷயம். கார்டின் அடியில் ஒரு பெட்டி உண்டு, பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மூல இங்கிலீஷ் அதில் மூன்று வரியில் உட்கார்ந்து காலை நீட்டும். தெலுங்கு எழுதுகிறவர் முதலாளியின் மச்சான் வெங்கடரமணன். லெக்சரர். எல்லாவற்றையும் எறும்பு சைஸில் அடிக்கச் சொல்லித் திணித்துவிடுவார். நான் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக வைத்தேன். நாலு வரிதான் பிடித்தது. ஐந்தாவது வரி பெட்டிக்கு வெளியே, வைத்தியரின் செருப்புக்குக் கீழே தொங்கியது. மெஷின் ஓடத் தயாராக நின்றது. வெட்டினேன். வைத்தியரிடம் ஒரு முறைக்கு மேல் போகிறவன் எப்படியும் தேற மாட்டான் என்று நினைத்தேன்.

விளக்கம் போதுமா. முதலாளிக்கு எழுதாதீர்கள்.

தாட்சாயணி


குப்பம்
19-6-2001

தாட்சாயணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. முதலாளிக்கு எழுத வேண்டாம் என்கிறீர்கள். நேற்றே எழுதிவிட்டேன். காரணத்தைக் கேளுங்கள்.

முந்தாநாள் பின்தெருத் தணிகாசலம் மகனும் மளிகைக்கடை ரங்கையா மகனும் என் கடை வாசலில் ஆடத் தொடங்கினார்கள். தணிகாசலம் மகனிடம் தமிழ் வைத்தியர் இரண்டு. விளக்கு வைக்கும் நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. தணிகாசலம் சம்சாரம் விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

“இன்னும் எவ்ளோ நேரம்டா?”

“வைத்தியர் செத்தாத்தான் முடியும்மா.”

“அவரு எப்ப சாவாரு?”

“சாவ மாட்டாரு. ஒருத்தர் செத்தா இன்னொருத்தர் எழுப்பிக்கினே இருப்பாரு.”

“அப்ப நான் அடிச்சா உன்ன யார்றா எழுப்புவாங்க?” என்று அவர் ஆரம்பித்ததும் ரங்கையா மகன் சிரித்தான். தணிகாசலம் மகன் அவன் கார்டுகளைச் சாக்கடையில் தள்ளினான். அப்புறம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்துவிட்டார்கள். தமிழ்க் கார்டு ஏமாற்றுக் கார்டு என்று தெலுங்குப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர்கள் மூட்டையை என்னிடமே கொண்டுவந்து இறக்குகிறார்கள். அடுத்த லாரியில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது.

சம்பத்


ரேணிகுண்டா
23-6-2001

சம்பத்,

எனக்கு உங்கள்மேல் இருக்கிறது. தனிப்பட்ட கோபம். நிறைய.

உங்கள் கடிதத்தை முதலாளி மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தார். பைண்டிங் பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். “ஏம்மா தாட்சாயணி, நீ எழுதுனது ஆட்டமா, சாகாவரமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “குப்பம் லோடு வாபஸ் வஸ்தே, நுவ்வு கூடா இண்டிகி வாபஸ்” என்று சொல்லிவிட்டார். லோடு திரும்பி வந்தால் நானும் வீடு திரும்ப வேண்டும்.

வீடு விஜயபுரம் பக்கம். என் அப்பா, நைனா, நிலத்தில் கடலை போடுகிறவர். கெட்டவர் இல்லை. “இந்த வேலையில நிலைச்சு நில்லு, நான் வாயத் தொறக்க மாட்டேன். நிக்கலன்னா மறுபடியும் காலேஜு” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மறுபடியும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். நான் ஆட்டினால் பெஞ்சே ஆடும், பெஞ்சு ஆடினால் லெக்சரர் என்னை வெளியே அனுப்புவார், வெளியே போனதும் நன்றாக இருக்கும். ஒரு வருஷம் இதுதான் படித்தேன். இங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. கால் ஆடுவதே இல்லை.

அதனால் நீங்கள் எனக்குக் கடன்பட்டவர். இத்தோடு ஒரு கட்டு அனுப்புகிறேன். வெட்டுப்பட்ட ஓரக் காகிதத்தில் ‘வைத்தியர் ஒரு ஆட்டத்தில் ஒரு முறை மட்டுமே எழுப்புவார்’ என்று அடித்திருக்கிறேன். ஒவ்வொரு கடையிலும் ஒட்டுங்கள். லாரியில் எதையும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் நான் குப்பத்துக்கே வந்து உங்கள் கூரைமேல் உட்கார்ந்துகொள்வேன். படைதான் ஏற்கெனவே இருக்கிறதே.

தாட்சாயணி


குப்பம்
28-6-2001

தாட்சாயணி அவர்களுக்கு,

உங்கள் வேலைக்கு உலை வைக்க நான் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமானால் பெற்றுக்கொள்வேன். இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

காகிதங்களை ஒட்டினேன். மைதா பசை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டியதை ஆடுகள் தின்றுவிட்டன. ஸ்கூல் பக்கம் ஒட்டியதைத் தணிகாசலம் மகன் கிழித்துவிட்டான். ஏன்டா என்று கேட்டேன்.

“கார்டுல இன்னா போட்டுகீதோ அதான் ரூலு. செவுத்துல யார் வேணா ஒட்டலாம். நாளைக்கு நீயே ஒண்ணு ஒட்டுவ, சிப்ஸ் துன்னா கார்டு கெடையாதுன்னு.”

அவன் சொல்வதில் ஒரு ஞாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கார்டு ஒன்று சொல்கிறது. சும்மா வந்த காகிதம் வேறு சொல்கிறது. நானாக இருந்தாலும் கார்டைத்தான் நம்புவேன்.

லாரி வந்தது. மூட்டை கட்டவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிரைவர் முறைத்தார். மூட்டைகள் கட்டி, அவர் கண் முன்னால்தான் இருந்தன. அடுத்த வாரம் மறுபடி வருவார். அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியாது. எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

சம்பத்


ரேணிகுண்டா
2-7-2001

சம்பத்,

காது சிவந்தால் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆடு தின்றதைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது, பிறகு அழுகிறேனே என்று கோபம் வந்தது. தணிகாசலம் மகன் சொல்வது சரி. எனக்கே தெரிகிறது. அச்சில் வந்தது அச்சில் வந்ததுதான்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். கட்டினால்தான் அவிழ்க்க முடியும் என்று ஒரு நம்பிக்கை.

ஒன்று கேட்கிறேன், சங்கடப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் இந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது ஆடியிருக்கிறீர்களா? நான் ஆடியதில்லை. நம் இரண்டு பேரையும் விட அந்த ஆடுகளுக்கு விஷயம் தெரியும்.

தாட்சாயணி


குப்பம்
6-7-2001

தாட்சாயணி அவர்களுக்கு,

பெட்டியை அவிழ்த்துவிடுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

நேற்று சாயங்காலம் பிரியங்கா தெலுங்குக் கார்டுகளோடு தணிகாசலம் மகனிடம் வலியப் போய் உட்கார்ந்தாள். வேறு யாரும் அவனோடு ஆட வராததால் அவனும் உடனே சம்மதித்தான். நாலைந்து கை ஆடியதும் வைத்தியரைப் போட்டுக் குதிரைவீரனை எழுப்பக் கையை நீட்டினான். பிரியங்கா அந்தக் கார்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எழுப்பு, ஒத்துக்கறேன். பீஸ் கட்டு.”

“இன்னா பீஸு?”

“வைத்தியர் சும்மா பாப்பாரா? உங்க நைனாவுக்கு ஜுரம் வந்தப்ப சும்மாவா பாத்தாரு? ஒரு கார்டு எடு.”

“அத வைத்தியருக்குத்தான குடுக்கணும், உனக்கு எதுக்கு?”

“அவரு கிளினிக்கு எங்க தெருவுலதான் கீது. நான் குடுத்துடறேன்.”

சுற்றி நின்ற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தணிகாசலம் மகன் தன் கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தான். பீஸ் வாங்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. கார்டில் இருப்பதுதான் ரூல் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் அவன். அவள் கேட்ட கார்டை எடுத்துக் கொடுத்தான். எழுப்பினான். மறுபடி எழுப்பினான், மறுபடி கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கையில் எழுந்து நிற்கிறவர்கள் எல்லாரும் நோயாளிகள், நல்ல வீரர்கள் எல்லாரும் பிரியங்கா பக்கம். ஆட்டம் முடிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக முடிந்தது.

இன்று காலையில் மூன்று மொழிப் பிள்ளைகளும் பீஸ் வைத்துத்தான் ஆடுகிறார்கள். எப்போது எழுப்புவது, எதைப் பீஸாகக் கேட்பது என்று ஒவ்வொருவனும் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிறான். தமிழ் வைத்தியர் ஒருத்தரை மாற்றிக்கொள்ளத் தெலுங்கு ராணியையே கொடுக்கிறார்கள். ரங்கையா மகன் தமிழ்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். கட்டியிருந்த மூட்டைகளைக் கடைக்காரர்களே வந்து பிரித்துக்கொண்டு போனார்கள்.

எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

சம்பத்

பி.கு. ஆடினேன். பிரியங்காவிடம் தோற்றேன். எல்லாக் கார்டையும் பீஸாகக் கொடுத்துவிட்டேன்.


ரேணிகுண்டா
11-7-2001

சம்பத்,

பெட்டியை அவிழ்த்தேன். உங்கள் கடிதத்தை நானே மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன். ‘நோயாளிகள்’ என்ற இடத்தில் பைண்டிங் பெண்கள் கை தட்டினார்கள்.

ஆனால் புதுத் தொல்லை வந்திருக்கிறது. உங்களிடமிருந்து புது ஆர்டர் வந்த சந்தோஷத்தில் முதலாளி அடுத்த லோடில் வைத்தியரைத் ‘திருத்தி’ அடிக்கப் போகிறார். ஒரு முறை மட்டும். எறும்பு எழுத்தில். நான் வேண்டாம் என்றேன்.

“இங்கிலீஷ்ல இன்னா கீதோ அதாம்மா சரி” என்றார்.

“அது சரிங்க. ஆனா குப்பத்துல அத யாரும் ஆடலியே.”

“பிள்ளைங்க ஆடறதுக்கு நாம அச்சடிக்கறதா?”

“பின்ன யாருக்குங்க அச்சடிக்கறோம்?”

வெங்கடரமணன் சார் பக்கத்தில் நின்றிருந்தார். நியாயமாக அவர் எனக்கு எதிராகத்தான் பேச வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பாவா, எனக்கும் அந்த பீஸு ஆட்டம் ஒரு வாட்டி பாக்கணும்” என்று முதலாளியிடம் சொன்னார். அவரைப் பற்றி எறும்பு என்று உங்களுக்கு எழுதியதற்கு ஒரு அரைக் கிலோ வருத்தப்பட்டேன்.

அச்சுப் பிளேட் திங்கட்கிழமை போடுகிறார்கள். போட்டுவிட்டால் குப்பத்தில் மறுபடியும் இரண்டு விதமான வைத்தியர், மறுபடியும் சண்டை, மறுபடியும் லாரி, நான் மறுபடியும் பெஞ்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை முதலாளியைக் குப்பத்துக்கு இழுத்து வருகிறேன். கலெக்‌ஷன் பாக்கியை நேரில் தருவதாக நீங்கள் சொன்னதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லவில்லை. என் காது சிவக்காது.

பிரியங்காவை எங்கேயும் போகவிடாதீர்கள்.

தாட்சாயணி


குப்பம்
17-7-2001

தாட்சாயணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஸ்டேஷனில் உங்கள் முதலாளி முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் புரியவில்லை. கோபமா, யோசனையா, பசியா? வெங்கடரமணன் சார் மட்டும் ஜன்னல் வழியாகக் கடைசிவரை பிரியங்காவுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தப் பெரிய மனிதர் சிப்ஸ் மூட்டைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, “ஒரே ஒரு ஆட்டம், வெறும் பரிட்சைக்கு” என்றாரே. ஐந்தாவது ஆட்டத்தில் பிரியங்கா பீஸ் கேட்டபோது, “நேனு ஓனர் அம்மா, நான் ஓனராச்சே” என்றார். அவள், “அப்ப ரெண்டு கார்டு குடுங்க” என்றாள். கொடுத்தாரே. தமிழில் எழுதிய வைத்தியரைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே அவர் மூன்று முறை எழுப்பியதை நான் எண்ணாமல் இல்லை.

உங்களைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது வேறு. கடிதத்தில் இருப்பது போல உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரையில் ஏறி அந்தக் கார்டுகளை எல்லாம் நீங்களே பொறுக்கிப் போட்டதை ஊரே பேசுகிறது. பிரியங்கா என்னிடம், “அந்த அக்கா எப்ப மறுபடி வருவாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “கேட்டு எழுதேன், அதுக்கு இன்னாத்துக்குக் காதெல்லாம் செவக்குது?” என்றாள்.

திங்கட்கிழமை போய்விட்டது. பிளேட் போட்டார்களா? என்ன எழுதிப் போட்டார்கள்? உடனே எழுதவும். தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

சம்பத்


ரேணிகுண்டா
22-7-2001

சம்பத்துக்கு,

உயரம் கடிதத்தில்தான் இருக்கிறது. நேரில் ஸ்டூல் வேண்டும்.

ரயிலில் சித்தூர் வரை முதலாளி விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். நானும் வெங்கடரமணன் சாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வந்தோம். சித்தூர் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு கடைசி ஆட்டத்துல எங்கிட்ட எதுக்குக் காவல்காரன பீஸா கேட்டுது?” என்றார். அவ்வளவு நேரமும் மனுஷன் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்னேன், வெங்கடரமணன் சார் அது இல்லை என்றார், ரேணிகுண்டா வரும்வரை மூன்று பேரும் சீட்டின் நடுவில் கார்டைப் பரப்பிச் சண்டை போட்டோம். டி.டி.ஈ. டிக்கெட் கேட்டபோது முதலாளி குதிரைவீரனை நீட்டினார்.

திங்கட்கிழமை பிளேட் போட்டாயிற்று. ஒரு முறை மட்டும் என்பது தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட எடுத்தாயிற்று. மூன்று மொழியிலும் பீஸ். இங்கிலீஷில் அப்படி இல்லையே என்று நான்தான் வேண்டுமென்றே கிண்டினேன். “இங்கிலீஷ்காரன குப்பம் வந்து ஆடிப் பாக்கச் சொல்லு” என்றார். அடுத்த செட்டுக்கு நான் முதலில் தமிழில் எழுத வேண்டுமாம், அதைப் பார்த்து வெங்கடரமணன் சார் தெலுங்கில் எழுதுவாராம். எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகாது. முதலில் குப்பத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஆடிவிட்டு வர வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு. அது என் வேலையில் சேர்த்தி. பிரியங்காவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் காதிடமும்.

நேற்று நைனா வந்திருந்தார். வேலை நிலைத்ததா இல்லையா என்று நேரில் பார்க்க. பச்சைக் கடலை ஒரு பை. மெஷினைப் பார்த்தார், என் கை மையைப் பார்த்தார், முதலாளியிடம் வணக்கம் சொன்னார். என்னிடம் மெதுவாக, “ஊர்ல கேட்டா இன்னா வேலைன்னு சொல்றது?” என்றார்.

“ஆட்டத்துக்கு ரூலு எழுதற வேலைன்னு சொல்லு நைனா.”

“அதுக்கு ஒரு வேலையா?”

வாயால் சொன்னால் அவருக்கு ஏறாது. பேப்பர் பண்டல்மேல் உட்கார வைத்து, கையில் பத்துக் கார்டு கொடுத்து, எதிரே பைண்டிங் வெங்கடலட்சுமியை உட்கார வைத்தேன். முதல் ஆட்டத்தில் எனக்காக ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் என்னை மறந்துவிட்டார். அவர் ஊருக்குப் போகிற நகரி பஸ் வெளியே வந்து நின்று ஹாரன் அடித்தது. “நைனா, பஸ்ஸு” என்றேன்.

கார்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போவட்டும் விடு, பின்னாடி ஒண்ணு வரும்” என்றார். “இந்தம்மா, என் குதிரையை எழுப்பறேன். பீஸு இன்னா வேணும் சொல்லு.”

தாட்சாயணி